அரசு தோன்றுமாறும் வலி பெறுமாறும்

அரசென்பது யாது, அது யாண்டிருந்து தோன்றியது, மாந்தர் தம்மனைய மாந்தனொருவன் ஆணைக்குத் தலைவணங்கத் தொடங்கியது யாது கருதி என்னும் வினாக்கள் மிகப் பழையன. இவற்றிற்கு மேல்புல அறிஞரும் வடநூலாரும் பல விடைகள் பகர்ந்துள்ளனர். அவ்விடைகளை அவ்வந் நூலளவில் வைத்தே ஆராய்வது ஒருமுறை. ஒரு சிறு நிலப்பரப்பினை எடுத்துக்கொண்டு, அதன்கண் அரசு எவ்வெவ்வாறு வந்து நின்றதென்று நோக்கி, நூலோர் கூற்றை அதனோடு ஒத்திட்டுப் பார்ப்பது மற்றொரு முறை. யாம் ஈண்டு மேற்கொள்வது பின்னையதே. எடுத்துக்கொண்ட நிலம் தாம்பரம், பல்லாவரம், திரிசூலம், குன்றத்தூர் என்னும் ஊர்களை உள்ளிட்ட, சென்னைக்குத் தெற்கும் தென்மேற்குமான பகுதி. தொண்டை மண்டலத்து இருபத்துநான்கு கோட்டங்களுள் ஒன்றாய புலியூர்க் கோட்டத்தைச் சார்ந்தது இது.

முன்னர் ஒரு சொல்லை நோக்குவாம். தமிழில் 'இறை' என்பது கடவுளையும் குறிக்கும், அரசனையும் குறிக்கும், அரசனுக்குக் குடிகள் செலுத்தும் வரியையும் குறிக்கும். வரி செலுத்துதல் இறையிறுத்தல் எனப்பட்டது. வரி நீக்கப்பட்ட நிலம் இறையிலி. கோயில் என்பது கோவினது இல்லமும் ஆம், கடவுளது இல்லமும் ஆம். இவற்றினும் வியக்கத்தக்கது 'கடமை' என்பது. இன்று அறநூற் சொல்லாக வழங்கும் இது, சோழர் கல்வெட்டுக்களில் நிலவரியின் பெயர். சொற்கள் ஒரு மக்களின் பழைய நினைவுகளைப் பொதிந்து வைத்திருப்பனவாகலின், தமிழர் அரசினை நினைந்த பொழுதெல்லாம் வழிபாடும் கொடையும் ஒருங்கு நினைந்தனர் என்று கொள்ளலாம். வழிபாடு முந்தியதோ, வரி முந்தியதோ என்பதே வினா.

இனி நிலத்திற்கு வருவாம். பல்லாவரத்துப் படைவீட்டு வெளியின் அருகே சரளைக் குழியொன்றில், 1863ஆம் ஆண்டு மே திங்கள் 30ஆம் நாள், நிலவியல் ஆய்வுத் துறையைச் சார்ந்த இராபர்ட் புரூசு பூட் என்பார் கற்கோடரி ஒன்றைக் கண்டெடுத்தார். இந்தியாவிற் பழங்கற்கால மாந்தர் வாழ்ந்தமைக்கு அறிஞருலகம் முதலிற் கைக்கொண்ட சான்று அதுவே. அக்கருவியைச் செய்தார்க்கு அரசு இருந்ததென்று கொள்ளற்கு யாதொரு சான்றும் இல்லை. அவர்க்குப் பல்லாயிரம் ஆண்டுகள் பிற்பட்டோர் அதே ஊர்ப்புறத்தே இறந்தாரைச் சுடுமண் பேழைகளில் இட்டுப் புதைத்தனர்; கற்களை வட்டமாக அடுக்கினர். பெருங்கல்லை நகர்த்தப் பல கைகள் வேண்டும். பல கைகள் ஒருங்கு இயங்க ஒரு சொல் வேண்டும். அச்சொல்லைச் சொன்னவன் மூத்தோனாகலாம், பூசகனாகலாம், வீரனாகலாம். அவன் பெயர் நமக்குக் கிடைத்திலது. ஆயினும் ஆணை என்னும் பொருளின் முளை இந்நிலத்தில் அங்கே காணப்படுகின்றதென்று கருதுதல் பிழையாகாது.

பெயர் கிடைக்கும் முதல் அரசன் மகேந்திரவர்மன். கி.பி. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த இப்பல்லவன் பல்லாவரத்துக் குன்றினைக் குடைந்து கோயிலாக்கினான். பிற்காலத்தில் அது முகம்மதியர் வழிபடும் இடமாயிற்று. அக்குடைவரையில் அவன் பொறித்து வைத்தது என்னை? போர்ச் செய்தியன்று, நாட்டெல்லையன்று, நிலக்கொடையன்று. தன் விருதுப்பெயர்களையே வரிசையாக வெட்டுவித்தான். திருச்சிராப்பள்ளி, மாமண்டூர் முதலிய இடங்களிலும் அங்ஙனமே செய்தான். அரசு வலி பெறும் வழிகளுள் இஃதொன்று: தன் பெயரை அழியாப் பொருளின்மேல், மக்கள் கூடி வணங்கும் இடத்தே, மீண்டும் மீண்டும் எழுதுவித்தல். படிக்க அறியாதார்க்கும் கல்லில் எழுத்திருத்தல் தெரியும்.

அற்றேல், நூலோர் கூறும் உடன்படிக்கை யாண்டையது? கௌடலியர் பொருணூல், மீன்முறை என்னும் உவமையைக் கூறும். பெருமீன் சிறுமீனை விழுங்குவதுபோல வலியார் மெலியாரை நலிந்தமையின், மக்கள் மனுவை அரசனாக்கித் தம் விளைவில் ஆறிலொன்றும், வாணிகப் பொருளிற் பத்திலொன்றும் பொன்னும் அவற்குக் கொடுத்தனர் என்பது. பௌத்த நூலாகிய அக்கஞ்ஞ சுத்தமும் பலரும் கூடித் தேர்ந்த மகாசம்மதன் நெல்லிற் பங்கு பெற்றான் என்று உரைக்கும். இங்கிலாந்தில் ஹாப்ஸ் 1651இலும், பிரெஞ்சு மொழியில் ரூசோ 1762இலும் இக்கொள்கையையே தத்தம் கருத்திற்கேற்ப வளர்த்தனர். ஆயின் ஒன்று நோக்கற்பாலது. பொருணூலில் மனுவின் கதையைச் சொல்வார் யார்? அரசனைப் பழித்துப் பேசும் மக்களிடையே புகுந்து அவர் வாயடக்குமாறு விடுக்கப்படும் ஒற்றர். உடன்படிக்கைக் கதை ஈண்டு அரசனுடைய ஒற்றன் வாயிலிருந்து நமக்குக் கேட்கின்றது! ஹியூம் என்பார் 1748இல், அரசுகள் பெரும்பாலும் வெற்றியாலோ வௌவுதலாலோ தோன்றினவேயன்றி உடன்படிக்கையாற் றோன்றியன அல்ல என்று எழுதியது இவ்வொற்றனை நினையுங்கால் பொருளுடைத்தாகின்றது.

எனினும் உடன்பாடு முற்றும் பொய்யென்று தள்ளவும் இயலாது. தொண்டை மண்டலத்திலேயே அதற்கு வரலாற்றுச் சான்று உண்டு. ஏறத்தாழக் கி.பி. 731இல் இரண்டாம் பரமேசுவரவர்மன் இறந்தபின் காஞ்சியில் அரியணை வெறிதாயிற்று. மாத்திரரும் கடிகையாரும் மூலப்பிரகிருதிகளும் கிளைமரபினனாகிய இரணியவர்மனிடஞ் சென்று தமக்கோர் அரசனை வேண்டினர். அவன் தன் மக்களை வினவினான். மூத்தோர் ஒருவர்பின் ஒருவராக மறுத்தனர். பன்னீராண்டு நிரம்பிய இளையோனாகிய பல்லவமல்லன் உடன்பட்டான். இந்நிகழ்ச்சி காஞ்சி வைகுந்தப்பெருமாள் கோயிற் சுவரில் சிற்பமாகவும் எழுத்தாகவும் உளது. அவனது காசாக்குடிச் செப்பேடும் அவன் குடிகளாற் றேர்ந்தெடுக்கப்பட்டவன் என்னும். ஆயின் தேர்வு மட்டுமே அவனை அரசனாக வைத்திருந்ததோ எனின், இல்லை. உரிமை கோரிய மற்றொரு பல்லவனுக்காகத் தென்னவர் படையெடுத்து அவனை நந்திபுரத்தே முற்றுகையிட்ட ஞான்று, உதயசந்திரன் என்னும் படைத்தலைவன் வந்து மீட்டான். தேர்ந்தார் பலர்; காத்தது வாள். நந்திவர்மன் என்னும் பெயரோடு அறுபதாண்டிற்கு மேல் ஆண்டான் அவன்.

அரசின்மை என்னும் அச்சத்தைக் காட்டி அரசு வருதல் பிற்காலத்தும் உண்டு. வங்கத்திற் பாலர் குலத்து முதல்வன் கோபாலனை மீன்முறை நீங்கும்பொருட்டு மக்கள் அரசனாக்கினர் என்று அவன் மகன் செப்பேடு கூறும். 1070இல் சோழ அரியணை ஏறிய முதற் குலோத்துங்கனைப் பாடிய சயங்கொண்டாரும், அவன் வருமுன் நாடு முறையழிந்து கிடந்ததென்றே பாடினார். நாடு உண்மையிற் சிதைந்திருந்ததோ, அன்றிப் புதியவன் வரவிற்கு அச்சிதைவு வேண்டியிருந்ததோ, புலவர் சொல்லை மட்டுங் கொண்டு துணிதல் அரிது. கீழைச் சளுக்கியர் குலத்துப் பிறந்து தாய்வழியாற் சோழனான அவனுக்கு அக்கதை பயன்பட்டதென்பது மட்டும் தெளிவு. திரிசூலத்துச் சிவன் கோயிற் கல்வெட்டுக்கள் அவன் காலத்தில் இப்பகுதி புலியூர்க் கோட்டத்துச் சுரத்தூர் நாட்டில் அடங்கியதைக் காட்டுகின்றன. கோட்டத்திற்கே குலோத்துங்கசோழ வளநாடு என்னும் பெயரும் இடப்பட்டது. மகேந்திரவர்மன் குன்றில் தன் பெயரை எழுதினான். குலோத்துங்கன் நாட்டின்மேலேயே எழுதினான்.

இனிக் காவல் என்பதனைக் கருதுவாம். சோழர் கல்வெட்டுக்களிற் பாடிகாவல் என்றோர் இறை வருகின்றது. ஊரைக் காத்தற்காக ஊரார் கொடுப்பது. காத்தலும் கொள்ளுதலும் ஒரு கையில் வந்து கூடுமிடத்தே அரசு பிறக்கின்றது என்பது எம் துணிபு. ஆனால் அதே இடத்தே அதன் தீமையும் பிறக்கின்றது. என்னை? காப்பவன் கொள்ளாவிடின் காத்தல் நடவாது. கொள்பவன் காவாவிடின் அவன் கள்வன். செங்கோல் பிடித்துக் குடிகளிடம் பொருள் வேண்டுவானை, வழியில் வேல்பிடித்து நின்று பறிப்பானோடு திருவள்ளுவர் கொடுங்கோன்மை கூறுமிடத்து ஒப்பிட்டது இதனை யுளங்கொண்டே.

இப்பொருளை நன்குணர்ந்தவர் இக்கோட்டத்திலேயே பிறந்தார். குன்றத்தூர்ச் சேக்கிழார் இரண்டாங் குலோத்துங்கன்பால் அமைச்சராக இருந்து உத்தமசோழப் பல்லவர் என்னும் பட்டம் பெற்றவர் என்பது மரபு. தம் ஊரில் திருநாகேச்சரம் எடுத்தவரும் அவரே என்ப. அடியார் வரலாறு கூறப் புகுந்த அவர், முதற்கண் திருவாரூரின் சிறப்பைக் கூறுமிடத்தே, கன்றின்மேல் தேரூர்ந்த மகனைத் தானும் தேர்க்காலிற் கிடத்திய மனுச்சோழன் வரலாற்றை வைத்தார். ஆங்கு அரசன் வாயில் வைத்துக் கூறுவன ஐந்து அச்சங்கள்: குடிகளுக்குத் தன்னால் வருவது, தன் பணியாளரால் வருவது, பகைவரால் வருவது, கள்வரால் வருவது, பிறவுயிர்களால் வருவது. வரிசையை நோக்குக. பகைவரும் கள்வரும் விலங்கும் பின்னரே. முதலிற் குடிகள் அஞ்சவேண்டியது அரசனையே. அடுத்து அவன் ஆட்களை. அரண்மனைக்குள் இருந்து பார்த்த ஒருவரே இவ்வரிசையை எழுதவியலும். அவ்வரலாற்றில், மகன்மேல் தேரூருமாறு ஏவப்பெற்ற அமைச்சன் அதனைச் செய்யவும் மாட்டாது, மறுக்கவும் மாட்டாது, தன்னுயிரை நீத்தான். அதனை எழுதியவரும் அமைச்சர் என்பதை யாம் மறத்தற்கில்லை.

கொள்பவனையும் அவன் பணியாளரையும் கட்டுப்படுத்த வழியென்ன? இதற்கு இப்பகுதிக்குத் தென்மேற்கேயுள்ள உத்தரமேரூர் கூறிய விடை உலகறிந்தது. முதற் பராந்தகனது 12ஆம் ஆட்சியாண்டிலும் 14ஆம் ஆட்சியாண்டிலும், அஃதாவது 919லும் 921லும், அவ்வூர்ச் சபையார் குடவோலை முறையைக் கல்லில் வரைந்தனர். முப்பது குடும்பு, குடும்புதோறும் ஓலையிற் பெயரெழுதிக் குடத்திலிட்டு, ஏதுமறியாச் சிறுவன் ஒருவனைக் கொண்டு வாங்குவித்தல், சம்வத்சர வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் முதலியன அமைத்தல், வாரியஞ் செய்து கணக்குக் காட்டாதிருந்தாரையும் அவர் உறவினரையும் மீண்டும் குடமேற்றாது விலக்கல். இவற்றுள் உயிரானது இறுதியிற் கூறியதே. குடவோலையை மட்டும் போற்றிக் கணக்கை மறக்கும் இக்காலப் பேச்சாளர் பலர். அம்முறையை முழுக் குடியாட்சி என்று பாராட்டுவாரோடும் யாம் உடன்படோம். காணிக்கடன் இறுக்கும் கால்வேலிக்கு மேற்பட்ட நிலமும் தன்மனையும் உடைய, 35 ஆண்டிற்கு மேற்பட்டு 70க்குட்பட்ட அந்தணர்க்கே குடம். வேதப்பயிற்சி யுடையார்க்கு நிலவளவு சிறிது தளர்த்தப்பட்டது. உழுதார்க்கும் பெண்டிர்க்கும் ஆங்கு ஓலையில்லை. அரசன் விடுத்த அலுவலரும் உடனிருந்தார்.

விசயநகர வேந்தரும் நாயக்கரும் ஆண்ட காலத்தைச் சுருங்கக் கூறி மேற்செல்வாம். ஒரு செய்தி மட்டும் அமையும். 1429இல் சோழநாட்டு ஊர்கள் சிலவற்றில் வலங்கை தொண்ணூற்றெட்டும் இடங்கை தொண்ணூற்றெட்டும் கூடி, இன்ன வரியே இறுப்போம், மிகையாயின இறோம் என்று கல்லில் வெட்டிவைத்தனர். உடன்படிக்கையைத் தோற்றத்திற் றேடுவார் அதனை இடையிலே காண்க.

1639 ஆகஸ்டு 22இல் தாமர்ல வேங்கடாத்திரி நாயக்கர் ஆங்கிலக் கும்பினியின் பிரான்சிசு டே என்பார்க்கு மதராசபட்டினத்தே கோட்டை கட்டவும் காசு அடிக்கவும் இசைவு தந்தார். துணி வாங்க வந்தார்க்குக் கிடைத்த கடற்கரைத் துண்டு அது. பின்னர்த் திருவல்லிக்கேணி, எழும்பூர், புரசைவாக்கம், தண்டையார்ப்பேட்டை எனச் சிற்றூர் சிற்றூராகக் கைக்கொண்டனர். 1759 பிப்ரவரியிற் பரங்கிமலையடியிற் பிரெஞ்சுக்காரரோடு போர் நிகழ்ந்தது. ஆர்க்காட்டு நவாபு முகம்மதலிக்குப் படைத்துணை செய்த கும்பினியார், அதன் செலவிற்கு ஈடாக 1763இற் செங்கழுநீர்ப்பட்டுச் சீமை முழுவதையும் சாகீராகப் பெற்றனர். 1765இல் தில்லிப் பேரரசர் ஷா ஆலம் அதனை உறுதிசெய்தார். தாம்பரமும் பல்லாவரமும் அவற்றைச் சூழ்ந்த ஊர்களும் அதனுள் அடங்கின. ரூசோவின் உடன்படிக்கை நூல் வெளிவந்த மறுவாண்டில், ஏறத்தாழ இரண்டாயிரம் ஊர்களின் மக்கள், தம்மை ஒரு சொல்லும் கேளாது, ஒரு தாளினால் ஒரு வாணிகக் கூட்டத்தார்க்கு மாற்றப்பட்டனர்.

ஆயின் தாள் பெற்ற அளவில் அரசு கைவந்துவிட்டதோ? இல்லை. கும்பினியார்க்கு ஊர்களின் பெயரும் விளைவும் தெரியா. முதலில் நவாபுக்கே அச்சீமையைக் குத்தகைக்கு விட்டனர். 1767 முதல் 1774 வரை தாமசு பர்னார்டு என்பார் ஊர்தோறும் நிலமும் மனையும் குடியும் எண்ணிக் கணக்கெடுத்தார். அக்கணக்குக் காட்டும் காட்சி எம் பொருளுக்கு இன்றியமையாதது. நெல் அடித்துக் களத்திற் குவித்தபின், அரசும் குடியும் வாரம் பிரிக்குமுன்னரே, பொதுப்பொலியிலிருந்து பல பங்குகள் எடுக்கப்பட்டன. கோயிலுக்கு ஒன்று, கணக்குப்பிள்ளைக்கு ஒன்று, தலையாரிக்கும் வெட்டியானுக்கும் தச்சர் கொல்லர் குயவர் வண்ணார் நாவிதர்க்கும் தனித்தனி, பல ஊரைக் காக்கும் பாளையக்காரர்க்கும் ஒன்று. மானியமாக இறையிலி நிலமும் பலர்க்கு இருந்தது. அக்களமே ஒரு நாடாகத் தோன்றுகின்றது. காவலும் கணக்கும் வழிபாடும் தொழிலும் ஆண்டே ஊதியம் பெற்றன. மேலரசன் காஞ்சியில் இருப்பினும் ஆர்க்காட்டில் இருப்பினும், அவன் பெற்ற மேல்வாரம் அக்குவியலின் எஞ்சிய பகுதியில் ஒரு பங்கே. பாண்டியன் அறிவுடைநம்பிக்குப் பிசிராந்தையார், யானைக்குக் கவளம் கொடுப்பதற்கும் யானை தானே வயலிற் புகுவதற்கும் உள்ள வேறுபாட்டைப் பாடியது இக்களத்திலே நின்று படிக்கத்தக்கது.

1780இல் ஐதர் அலியின் படை புகுந்து சீமை பாழ்பட்டது. அரசின்மையின் அச்சம் மீண்டும் வந்தது. இம்முறை உண்மையாகவே வந்தது. 1794இற் கலெக்டராக வந்த லயனல் பிளேசு ஏரிகளைச் செப்பஞ்செய்வித்தார், விளைவைப் பெருக்கினார், வரியையும் பெருக்கினார். மிராசுதாரர் பலர் அவர் தீர்வைக்கு இணங்காது நின்றனர். சிலர் ஊரைவிட்டே வெளியேறினர். குடிபெயர்தல் குடிகளின் பழைய படைக்கலம். ஆளில்லா வயலில் எவ்வரசும் வாரம் பெறாது. பிளேசு இணங்காதார் மிராசைப் பறித்துப் பிறர்க்குக் கொடுத்தார். ஏரியைக் காத்தவரும் காணியைப் பறித்தவரும் ஒருவரே! சேக்கிழார் கூறிய முதலிரண்டு அச்சங்களும் ஒருங்கு நிற்குமிடம் இது. பின்னர் மிராசு உரிமை யாது என்னும் வழக்கை ஆராய்ந்து, திருக்குறட்கு உரைகண்ட எல்லிஸ் துரை எழுதியது 1818இல் அச்சாயிற்று. 1802இற் சீமையை முட்டாக்களாகப் பிரித்து ஏலமிட்ட திட்டமும் நிலைக்கவில்லை. இரயத்துவாரி முறை வந்தது.

கும்பினியார் செய்தவற்றுள் அரசிற்கு மிக்க வலி தந்தது யாது? போர்வெற்றி என்பர் பலர். யாம் அங்ஙனங் கருதோம். களத்திற் பிரிந்த பங்குகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தன் கருவூலத்திற் சேர்த்து, அங்கிருந்து சம்பளமாக மீட்டுக் கொடுத்ததே. காவற்பங்கு பாளையக்காரரை விட்டுப் போலீசுக்குச் சென்றது. கணக்கன் ஊரார்க்குக் கணக்குக் காட்டுதல் ஒழிந்து கச்சேரிக்குக் காட்டுவானாயினான். ஏரி பழுதுபார்ப்பது யார் கடன் என்பது வழக்காயிற்று. முன்னர் ஊரார் அரசிற்கு ஒரு பங்கு கொடுத்தனர். பின்னர் அரசு ஊரார்க்கு ஒரு பங்கு கொடுத்தது. இம்மாற்றம் ஒரு தலைமுறையளவில் நிகழ்ந்தது. இதனைக் கண்டு முரசறைந்தார் ஒருவரும் இலர்.

1947இல் விடுதலையும், 1950இற் குடியரசும், அகவை நிரம்பிய அனைவர்க்கும் வாக்கும் வந்தன. அவ்வரலாறு அன்பர் பலரும் அறிந்ததே. இந்நிலத்தில் அதன் அண்மை நிலையை மட்டும் குறிப்பாம். 2021 நவம்பர் 3ஆம் நாள் தாம்பரம், பல்லாவரம், செம்பாக்கம், பம்மல், அனகாபுத்தூர் என்னும் நகராட்சிகள் ஐந்தும், சிட்லப்பாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்கரணை, திருநீர்மலை என்னும் பேரூராட்சிகள் ஐந்தும் ஒன்றாக்கப்பட்டுத் தாம்பரம் மாநகராட்சி தோன்றிற்று. 2022 சனவரி முதல் நாளில் தாம்பரத்திற்குத் தனிக் காவல் ஆணையரகமும் ஏற்பட்டது. ஒரே ஈராண்டில் ஓர் ஆட்சி தோன்றுவதையும் காவல் வந்து சேர்வதையும் கண்ணாற் கண்டவர் இவ்வூர்களில் உளர். அதற்கு ஒற்றன் சொல்லும் கதை வேண்டியிருக்கவில்லை. அரசின் ஆணையே போதுமாயிற்று. ஆயினும் பேரூராட்சியிலிருந்தார் சிலர், தம் ஏரிக்கும் தெருவிற்கும் விடைசொல்வார் இனித் தொலைவில் இருப்பரே என்றும், வீட்டுவரி உயருமே என்றும் ஐயுற்றனர். சிட்லப்பாக்கத்தார் தம் ஏரியை மீட்கப் பல்லாண்டு உழைத்தவர். ஏரி வாரியத்தை ஊருக்குள் வைத்த பழையோர் இவ்வையத்தை உடனே விளங்கிக்கொள்வர்.

2022 பிப்ரவரி 19இல் எழுபது வட்டங்கட்கும் தேர்தல் நிகழ்ந்தது. முதன் மேயர் இருக்கை ஆதிதிராவிடப் பெண்டிர்க்கென ஒதுக்கப்பட்டிருந்தது. மார்ச்சு 4ஆம் நாள் அவ்வகுப்பைச் சார்ந்த இளம்பெண் ஒருவர் அவ்விருக்கையில் அமர்ந்தார். உத்தரமேரூர்க் குடத்தில் அவர் முன்னோர்க்கு ஓலையில்லை. பர்னார்டு கண்ட களத்தில் அவர்க்கு இருந்தது கூலிப்பங்கு ஒன்றே.